நான் தள்ளாத சைக்கிள்

இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள்கள் காரில் ஏறிப் போகும். சிட்னியின் கிரவீனில் எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால், பெருந்தெருப் பக்கம் போகிற கார்களில் நாலுக்கு ஒன்று முதுகில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு போவது தெரியும். வந்து முப்பது வருடமாகியும் எனக்கு இந்தக் காட்சி பழகவில்லை. அரிசி மூட்டையையும் விறகையும் பிள்ளைத்தாச்சியையும் சுமந்த ஒரு சாமானை, கைக்குழந்தையைப் போல வார் போட்டுக் கட்டி, இன்னொரு வாகனம் சுமந்துகொண்டு போகிறது. அதைவிடப் புதினம், இவர்கள் போகிற இடம். கண்ணாடி மாதிரித் தார் ரோட்டு வாசலில் கிடக்க, இரண்டு மணித்தியாலம் காரோட்டிப் போய்த் தார் போடாத கிறவல் ரோட்டைத் தேடிப் பிடித்து அதில் சைக்கிளை இறக்குவார்கள். அதற்கென்றே தடித்த ரயர் போட்ட சைக்கிள் இருக்கிறது. பெயரே கிறவல் பைக். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கைக்குத் தார் போடச் சொல்லி மனு எழுதி எழுதியே அப்பா கண்மூடினார். அவருடைய மகன் நான், ஐம்பத்திரண்டு வயதில், இறுக்கமான காற்சட்டையும் ஹெல்மெட்டுமாக அந்தக் கூட்டத்தில் ஒருவன். அப்படிப் போன ஒரு பயணத்தில் நான் செய்த வெட்கக்கேடு ஒன்றைப் பல மாதங்களாக எழுத நினைத்து, ஒவ்வொரு முறையும் வேறு வேலை தேடிக்கொண்டு எழும்பிப் போயிருக்கிறேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

வெஸ்ட்மீட்டில் ஒரு வைத்தியசாலையில் எக்ஸ்றே எடுப்பது என் வேலை. அங்கே தாதியாக இருக்கும் ஹெலன்தான் என்னைச் சைக்கிளுக்கு இழுத்துவந்தாள். அவளுடைய கணவர் கிரஹாம், பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். முதல் நாள் கைகொடுத்து "சுதன்" என்றேன். "ஓ, சூடானா? அங்கே இப்போது நிலைமை எப்படி?" என்று அக்கறையோடு கேட்டார். அது நாடு இல்லை, என் பெயர் என்று விளங்கப்படுத்தி, நான் சிறிலங்கா என்றதும் கிரிக்கெட்டைப் பற்றிப் பத்து நிமிடம் கதைத்தார். எனக்குக் கிரிக்கெட் தெரியாது. தலையை ஆட்டினேன். நல்ல மனிதர்கள். மாதத்தில் ஒருமுறை மூவரும் ஹன்ரர் பள்ளத்தாக்குப் பக்கம் போவோம். மலைச்சரிவெல்லாம் வரிவரியாகத் திராட்சைக் கொடி. இடையிடையே மணற்கல்லில் கட்டிய தேவாலயமும் தபாற்கந்தோருமாகச் சின்னச் சின்னப் பழைய ஊர்கள். அந்தப் பக்கத்து ரோட்டுகளில் சிலதைச் சங்கிலி போட்ட கைதிகள் வெட்டினார்கள் என்று வழியில் பலகை வைத்திருக்கிறார்கள். கிரஹாம் அந்தப் பலகையடியில் சைக்கிளை நிறுத்தி, தன்னுடைய பாட்டனுக்குப் பாட்டன் ஓர் ஆட்டைத் திருடிப் பிடிபட்டுக் கைதியாகக் கப்பலில் வந்த கதையைச் சொல்லுவார். அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு பெருமை வரும். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "உன் குடும்பத்துக் கதை என்ன?" என்பார்.

என்னிடம் கதை இல்லை. இருபத்தொரு வயதில் மாணவ விசாவில், அம்மா இடித்துத் தந்த மிளகாய்த்தூளோடு விமானத்தில் வந்து இறங்கினவன் நான். எங்கள் ஆட்களுக்குள்ளேயே இதற்கு எனக்கு ஒரு கூச்சம் உண்டு. பென்டில் ஹில்லில் ஒரு பிறந்தநாள் வீட்டில் நாலு பேர் கூடினால் கதை கடைசியில் ஊர்ச் சண்டையில்தான் போய் நிற்கும். ஆர் எந்தப் பங்கருக்குள் இருந்தது, ஆர் எந்தப் பாலத்தைக் கடந்தது. பிறகு ஆராவது என் பக்கம் திரும்பி, "அப்ப நீங்கள் எங்க நிண்டனீங்கள்?" என்று கேட்பார்கள். "நான் முந்தியே இஞ்சால வந்திட்டன்" என்பேன். "ஓம், என்ன" என்று ஒரு சத்தம் வரும். குற்றமாக ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி விழும். அந்த இடைவெளிக்குள் நான் எழும்பிப் போய்க் கோப்பை கழுவுவேன்.

போன வருடம் குளிர்காலம் முடிகிற நேரம். கொடிகள் இலையில்லாமல் மொட்டையாக நின்றன. ரோட்டோரத்தில் வொற்றில் மரங்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தன. ஒரு நீண்ட இறக்கத்தில் முன்னுக்குப் போன கிரஹாம் கூரான கல் ஒன்றில் ஏற்றிவிட்டார். பின் ரயரின் பக்கச்சுவர் கிழிந்து, ஓட்டை அடைக்க உள்ளே ஊற்றியிருந்த வெள்ளைப் பசை பீறிக்கொண்டு அடித்தது. கொண்டுவந்த மாற்று ரியூப்பைப் போட்டு ஒட்டுத்துண்டும் வைத்தோம். நூறு மீற்றர் போகவில்லை, அதுவும் போய்விட்டது. எங்கள் மற்ற இரண்டு சைக்கிளின் ரியூப்பும் அவருடைய சில்லுக்கு அளவில்லை. போனுக்குச் சிக்னலும் இல்லை. அடுத்த ஊர் நாலு கிலோமீற்றர். கிரஹாம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். அப்போது என் கை தானாக வேலை செய்தது. ரோட்டோரத்துக் காய்ந்த புல்லைப் பிடுங்கினேன். பையில் இருந்த பழைய ரீசேட்டைக் கிழித்து முறுக்கினேன். இரண்டையும் ரயருக்குள் இறுக்கித் திணித்து, ரயரை றிம்மில் ஏற்றினேன். "மெல்லமாப் போங்கோ, பின்னுக்குப் பாரம் குடுக்காதேங்கோ" என்றேன். தமிழில் சொல்லிவிட்டேன் என்பது அவர்கள் முழித்த பிறகுதான் தெரிந்தது. கிரஹாம் ஏறிப் பார்த்தார். சைக்கிள் ஓடியது.

"இதை எங்கே படித்தாய்?" என்று கேட்டார்.

அது அம்மா சொன்ன கதை. யாழ்ப்பாணம் முழுக்க ஒரே நாளில் எழும்பி நடந்த அந்த இடப்பெயர்வில், அம்மாவுக்கு முறிந்த காலில் பிளாஸ்ரர். கிணற்றடியில் வழுக்கி விழுந்து மூன்று கிழமை. அப்பா இல்லை, ஒரே மகன் நான் சிட்னியில். பக்கத்து வளவில் இருந்த பெரியம்மாவின் மகன் யோகண்ணைதான் தன்னுடைய சைக்கிளின் கரியரில் தலையணை கட்டி, அம்மாவைத் தூக்கி வைத்து, கொக்குவிலில் இருந்து சாவகச்சேரி வரைக்கும் மழைக்குள்ளால் தள்ளிக்கொண்டு போனவர். சனம் நெரிந்து அடிக்கொரு தடவை நிற்கிற ரோட்டில், விடிந்து மத்தியானமாகியும் நாவற்குழிப் பாலம் தாண்டவில்லை. பாலத்துக்கு இங்கால் ரியூப் வெடித்தது. அந்த நாளில் ரியூப் எங்கே வாங்குவது? அம்மாவின் நூல்சேலை ஒன்றைக் கிழித்து முறுக்கி, வரம்புப் புல்லும் சேர்த்து ரயருக்குள் திணித்துத் தள்ளினாராம். அதற்குப் பிறகு அம்மா பதினைந்து வருடம் இருந்தா. ரெலிபோன் எடுக்கிற நேரமெல்லாம் அந்தச் சேலையின் நிறம் உட்பட இந்தக் கதையைச் சொல்லுவா. ரயருக்குள் புல்லுத் திணிக்கிற விதம் எனக்கு அப்படித்தான் தெரியும். அந்த நாள் நான் எங்கே நின்றேன் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் வகுப்புப் பிள்ளைகளோடு ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றில் பாபகியூ. சொசேஜ் கருகாமல் பிரட்ட எனக்கு ஒருத்தி சொல்லித்தந்தாள். சேதி இரண்டு கிழமை கழித்துத்தான் வந்தது. திகதியை எண்ணிப் பார்த்தபோது அந்த நாளாக இருந்தது.

கிரஹாமுக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. "ஊரில், சண்டைக் காலத்தில் நாங்கள் அம்மாவை இப்படித்தான் கொண்டுபோனோம்" என்றேன். தமிழில் நினைத்து இங்கிலிசில் சொன்ன வசனம். எங்கள் பேச்சில் "நாங்கள்" என்றால் குடும்பம், ஊர், சனம், எல்லாம் அடங்கும். அவர்களுடைய காதில் அது வேறு மாதிரி விழுந்தது. ஹெலன் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டாள். "நீ உன் அம்மாவைத் தள்ளிக்கொண்டு போனாயா?" என்றாள். அவளுடைய கண் நிறைந்திருந்தது. இரண்டு வருடமாக என்னோடு சைக்கிள் ஓடிய பெண், முதல் தடவையாக என்னை முழுதாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. இல்லை என்று சொல்ல ஒரு செக்கன் போதும். அந்தச் செக்கனில் நான் புல்லுத் தூசியைக் கையில் இருந்து தட்டிக்கொண்டு நின்றேன்.

"எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள்.

"இருபது கிலோமீற்றர் வரும்" என்றேன். "நல்ல மழை."

மொழியைக் குற்றம் சொல்ல எனக்கு இடமிருந்தது அந்த முதல் வசனத்தில் மட்டும்தான். இரண்டாவதை நானே, தெளிவாக, நல்ல இங்கிலிசில் சொன்னேன்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு வைன் தோட்டத்து மேசையில் சாப்பிட இருந்தோம். பரிமாறிய பெண்ணிடம் கிரஹாம் ரயரைக் காட்டிக் கதையைச் சொன்னார். அவள் என் தோளில் கைவைத்துவிட்டு உள்ளே போய், முதலாளியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் இன்னும் கொஞ்சம் சொன்னேன். சேலையின் நிறத்தைச் சொன்னேன். பாலத்தடியில் ஒரு வயதுபோன மனுசர் குடையைத் தந்ததைச் சொன்னேன். அம்மாவின் கதையில் குடை இருந்ததா என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை. அன்றைக்குப் பிறகு வேலையிடத்தில்கூட என்னைப் பார்க்கிற பார்வை மாறியது. முந்தி மாதிரி ஆரும் என்னிடம் கறி சமைப்பதைப் பற்றிக் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது நன்றாக இருந்தது. தமிழ்ச் சபையில் கோப்பை கழுவ எழும்புகிறவனுக்கு, இவர்கள் நடுக்கதிரையைப் போட்டுத் தந்தார்கள். நானும் இருந்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து, புதிதாக வந்த அகதிக் குடும்பங்களுக்குப் பழைய சைக்கிள்கள் சேர்த்துக் கொடுக்க கிரஹாம் ஒரு சவாரியை ஒழுங்குசெய்தார். அந்த மலைநாட்டு ஊரொன்றின் பழைய மணற்கல் மண்டபத்தில் முடிவு. அங்கே நான் ஐந்து நிமிடம் பேச வேண்டும். மறுத்தேன், என் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அதே வார இறுதியில் யோகண்ணை மெல்பேணில் இருந்து வந்து நின்றார். அவர் படகில் வந்து, பல வருடம் தற்காலிக விசாவில் அலைந்து, இப்போது ட்ருகனினாவில் ஒரு கிடங்கில் பாரம் தூக்கும் போர்க்லிப்ற் ஓட்டுகிறார். என்னைவிட மூன்று வயது மூப்பு. பார்க்கப் பத்து வயது மூப்பு. "நீ சைக்கிள் ஓடுறதை நானும் ஒருக்காப் பாக்கவேணும்" என்று சிரித்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. என் மனைவி வதனி அவரைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தாள்.

நான் சுருக்கமாக நன்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்குவது என்று முடிவெடுத்திருந்தேன். அதற்குள் கிரஹாம் என்னை அறிமுகப்படுத்த எழும்பி, முழுக் கதையையும் தானே சொல்லிவிட்டார். மழை, பிளாஸ்ரர், பாலம், சேலை, புல். ஒவ்வொரு வசனத்திலும் என் பெயர். சனம் எழும்பி நின்று கைதட்டியது. கடைசி வரிசையில் யோகண்ணையும் எழும்பி நின்றார். மற்றவர்கள் எழும்பியதால் எழும்பினார். பக்கத்தில் வதனி கதிரையிலேயே இருந்தாள், தலை குனிந்தபடி. எனக்கு முன்னால் மைக் இருந்தது. "அந்த மனிதர் அதோ நிற்கிறார்" என்று கையைக் காட்டினால் முடிந்தது. "தாங்க் யூ" என்றேன். இறங்கிவிட்டேன்.

தேத்தண்ணி வேளையில் ஹெலன் நேரே யோகண்ணையிடம் போனாள். நான் ஓடிப் போவதற்குள் கேட்டுவிட்டாள். "நீங்கள் சுதனின் அண்ணாவா? நீங்களும் அன்றைக்கு அங்கே இருந்தீர்களா?"

யோகண்ணை என்னைப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற பார்வை அது. சின்ன வயதில், நான் உடைத்த கண்ணாடிக்குப் பெரியப்பா விசாரிக்கும்போது அவர் என்னைப் பார்த்த அதே பார்வை.

"யெஸ்," என்றார் தன் உடைந்த இங்கிலிசில். "ஐ வோஸ் தெயர். ஹீ இஸ் வெரி ஸ்ரோங் போய்."

திரும்பி வரும்போது நான் காரோட்டினேன். பெருந்தெருவில் ஏறுவதற்கு முன் ஒரு பெற்றோல் ஸ்ரேஷனில் நிறுத்தினேன். வதனி உள்ளே போனாள். "அண்ணை..." என்று தொடங்கினேன்.

"விடு," என்றார். பிறகு வெளியே பார்த்தபடி சொன்னார்: "சின்னம்மாவுக்கு அண்டைக்கு நல்ல காய்ச்சல். உனக்குத் தெரியுமோ? வழி முழுக்க என்னைச் சுதன், சுதன் எண்டுதான் கூப்பிட்டவ. நானும் ஓம் அம்மா, ஓம் அம்மா எண்டு சொல்லிக்கொண்டு வந்தனான். இல்லை, நான் யோகன் எண்டு சொல்ல மனம் வரேல்லை."

நான் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்டு மட்டும் சொல்லுறன், கோவிக்காத," என்றார். "எங்கட அம்மா அண்டைக்கு அவ்வளவு தூரமும் நடந்து வந்தவ. கரியர் ஒண்டுதானே. ஒருத்தரைத்தான் ஏத்தலாம். கால் வெடிச்சு, சைக்கிள் சீற்றைப் பிடிச்சுக்கொண்டு எனக்குப் பக்கத்தில நடந்தவ. அந்த மனுசன் சொன்ன கதையில அவ இல்லை."

பெரியம்மா அம்மாவின் கதையில் இருந்தா. நான்தான் அவவை எடுத்துவிட்டேன். எடுத்ததுகூட எனக்குத் தெரியவில்லை. யோகண்ணையின் இடத்தில் நான் நின்றால், பெரியம்மா பக்கத்தில் நடக்கக் காரணம் இல்லை. தன்னுடைய அம்மாவை நடக்கவிட்டு என்னுடைய அம்மாவை ஏற்றிய ஒருவரிடம் இருந்து அந்தக் காரியத்தின் பாதியை நான் எடுத்தேன். மீதிப் பாதியைக் குப்பையில் போட்டேன்.

வதனி சண்டைக்குள் கிடந்த வன்னியில் இருந்து வந்தவள். அவள் பார்த்தவற்றை என்னிடமே முழுதாகச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து, யோகண்ணை குளிக்கப் போன பிறகு, குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்கு எங்கட கஷ்டம் வேணுமெண்டால் கேட்டிருக்கலாம். தந்திருப்பம். எங்களிட்டைக் கனக்கக் கிடக்கு."

இரண்டு கிழமை கழித்து, கிரஹாமிடமும் ஹெலனிடமும் போய்ச் சொன்னேன். அவர்கள் வீட்டு மேசையில் இருந்து, ஒவ்வொரு வசனத்தையும் முதலே மனதுக்குள் இங்கிலிசில் கட்டி வைத்துக்கொண்டு சொன்னேன். தள்ளியது நான் இல்லை. யோகன். நான் நாட்டிலேயே இல்லை. கிரஹாம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக என் கையைப் பிடித்தார்.

"சுதன், உயிர் தப்பினவர்களுக்கு இது வரும். தங்களை அந்த இடத்தில் இருந்தே அழித்துவிடப் பார்ப்பார்கள். என் அப்பாவும் அப்படித்தான். யுத்தத்தில் தான் ஒன்றுமே செய்யவில்லை, சமையல்காரன்தான் என்று சாகும்வரை சொன்னார்."

"இல்லை, கிரஹாம். நான் அன்றைக்கு ஒரு பாபகியூவில் நின்றேன்."

"சரி," என்றார், பிள்ளையைத் தேற்றுகிற குரலில். "சரி. உனக்கு அது எப்படி ஞாபகம் இருக்க வேண்டுமோ அப்படியே இருக்கட்டும்." ஹெலன் என் முதுகைத் தடவினாள். நான் பொய் சொன்னபோது ஒரு செக்கனில் நம்பியவர்கள், உண்மையைச் சொல்ல அரை மணித்தியாலம் எடுத்தும் நம்பவில்லை. அவர்களுடைய அன்பு கூடியதுதான் மிச்சம். அதையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிறகும் அவர்களோடு போகிறேன். விட்டுவிட்டால் அது இன்னொரு தப்பியோட்டமாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சைக்கிள் ஓட எனக்குப் பிடிக்கும் என்பதும் காரணம். புதிதாக ஆராவது கூட வந்தால் ஹெலன் என்னை அந்தக் கதையோடுதான் அறிமுகப்படுத்துவாள். அது என் அண்ணன், பக்கத்தில் பெரியம்மா நடந்து வந்தா என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவேன். ஹெலன் அவர்களுக்கு ஒரு கண்சாடை காட்டுவாள். அவர்கள் இரக்கத்தோடு தலையாட்டுவார்கள்.

போன மாதம் ஒரு நீண்ட ஏற்றம். இரண்டு பக்கமும் பழம் முற்றிய கொடிகள், பறவைக்குப் போட்ட வெள்ளை வலைக்குள். கிரஹாமும் ஹெலனும் முன்னுக்குப் போய் உச்சியில் நின்றார்கள். பாதி ஏற்றத்தில் எனக்குப் போன் அடித்தது. யோகண்ணை. ஒரு காலைக் கிறவலில் ஊன்றிக்கொண்டு எடுத்தேன்; மற்றக் கால் பெடலில்.

"அடுத்த மாசம் அம்மான்ர திவசம்," என்றார். "இஞ்ச வீட்டிலதான் செய்யிறம். நீயும் நிண்டால் நல்லது. வாறியோ?"

பெரியம்மா சாவகச்சேரியில் இறந்தபோதும் நான் போகவில்லை. மேலே இருந்து கிரஹாம் இரண்டு கையையும் வாயில் குவித்து, "சூடன்! ஆர் யூ கமிங்?" என்று கூப்பிட்டார். காதில் யோகண்ணை மறுபடியும், "என்ன, வாறியோ?" என்றார்.

"வாறன்," என்று உரத்துச் சொன்னேன்.

அந்தப் பக்கம் யோகண்ணை "சரி" என்று சொல்லிப் போனை வைத்தார். மலையுச்சியில் கிரஹாம், விளங்கியது என்பதுபோல் கையை ஆட்டினார். நான் ஊன்றின காலை எடுக்காமல், ஏற்றத்தின் நடுவில் அப்படியே நின்றேன்.